தூக்குக்குண்டு விழும் இடம்: ஸ்குவாட் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

ஜிம்மில் சேர்ந்த ஐந்தாவது மாதம் எனக்குக் குறுக்கு பிடித்துக்கொண்டது. 60 கிலோ போட்டு ஸ்குவாட், அதாவது பிளேட் மாட்டின இரும்பு ராடைத் தோளில் வைத்துக் குத்தவைத்து எழுவது, அடித்துக்கொண்டிருந்தேன், நான்காவது தடவை எழுந்திருக்கும்போது இடுப்புக்கு மேலே சுளீர் என்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான், அடுத்த பத்து நாள் குனிந்து வாளி தூக்க முடியவில்லை, பஸ்ஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முன் சீட்டுக் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. சேர்ந்த முதல் வாரமே யாரோ தோளில் ராடை வைத்து "இறங்கு, ஏறு" என்றார்கள். நானும் இறங்கி ஏறினேன், உடம்பு தாங்குகிற மாதிரி தெரிந்த நாளெல்லாம் பிளேட் கூட்டினேன். எப்படி இறங்குவது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் புதிதாக ஜிம்முக்கு வருகிற பிள்ளைகள் பலர் இதே மாதிரித் தொடங்குவதைப் பார்க்கும்போது மனது கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வலி போன பிறகு வெறும் ராடோடு திரும்பத் தொடங்கினேன். நண்பன் பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுத்தான். அதை வீட்டில் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பார்த்தார். அப்பா கொத்தனார், பேட்டை, மேலப்பாளையம் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் சுவர் கட்டியவர், ஜிம் வாசலை மிதித்ததில்லை. ராடின் நுனியில் விரலை வைத்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தார். "என்னல இது, நூலு பெருவிரலுக்கு வெளிய போயில்லா விழுது? செவரு இப்படிச் சாஞ்சா நிக்குமா?"

சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடுகிற தூக்குக்குண்டைச் சொல்கிறார். ராடின் நுனியில் ஒரு நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிட்டால், இறங்கும்போதும் ஏறும்போதும் அந்தக் குண்டு பாதத்தின் நடுவிலேயே இருக்க வேண்டும். ஷூ போட்டிருந்தால் லேஸ் முடிச்சு இருக்கும் இடம், அதுதான் கணக்கு. குண்டு விரல் பக்கம் போனால் குதிங்கால் தூக்கும், பாரம் காலை விட்டுக் குறுக்குக்குப் போகும். குதிங்கால் பக்கம் போனால் பின்னால் விழப் பார்ப்பீர்கள். வெறும் ராடு வைத்திருக்கும்போது உடம்பின் எடையே பெரியது என்பதால் நூல் இரண்டு விரல் அகலம் முன்னே தள்ளித் தெரியலாம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். வெயிட் ஏற ஏற அது நடுவுக்கு வந்துவிடும். கால் அகலம், மூச்சு, முட்டு, பார்வை என்று இனி நான் சொல்லப்போகிற எல்லாமே அந்த நூலை நடுவில் நிறுத்தத்தான்.

முதலில் ராடு இல்லாமல் குத்தவையுங்கள்

எங்கள் ஆச்சி எழுபது வயதுக்கு மேலும் முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பாத்திரம் விளக்குவாள், பக்கத்து வீட்டோடு பேச்சு ஓடும், குதிங்கால் தரையை விட்டு எழும்பாது. அதுதான் முழு ஸ்குவாட்டின் அடிநிலை. நாற்காலியிலும் பைக்கிலும் உட்கார்ந்தே வளர்ந்த நமக்கு அது கை நழுவிவிட்டது, ஆனால் திரும்ப வரும். வெறுங்காலோடு, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்துக் குத்தவைத்து ஒரு நிமிஷம் இருந்து பாருங்கள். இருக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

குதிங்கால் தூக்கினால் அல்லது பின்னால் சரிந்தால், பெரும்பாலும் கணுக்கால்தான் இறுகியிருக்கும். சோதிக்க ஒரு வழி: சுவரைப் பார்த்து ஒரு முட்டி போட்டு உட்காருங்கள், முன்னால் இருக்கும் காலின் பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே அரைச்சாண், அதாவது சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள், குதிங்காலைத் தூக்காமல் அந்தக் காலின் முட்டு சுவரைத் தொடுகிறதா? தொடவில்லை என்றால் இதையே பயிற்சியாக, தினமும் ஒரு காலுக்கு இரண்டு நிமிஷம் செய்யுங்கள். அதோடு, டீவி பார்க்கும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து இருங்கள். கணுக்கால் வழிக்கு வர வாரங்கள் ஆகும். அதுவரை ஸ்குவாட்டை நிறுத்த வேண்டியதில்லை, இரண்டு குதிங்காலுக்கும் அடியில் 2.5 கிலோ பிளேட் ஒவ்வொன்று வைத்துச் செய்யலாம். வெயிட்லிஃப்டிங் வீரர்கள் போடுகிற ஷூவில் குதிங்கால் பக்கம் உயரமாகவும் கெட்டியாகவும் இருப்பது இதற்காகத்தான். மற்றபடி ஓடுகிற ஷூ, மெத்துமெத்தென்று இருக்கிற ஷூ ஸ்குவாட்டுக்கு ஆகாது, வெயிட்டோடு அது அமுங்கி ஆடும். தட்டையான சோல் உள்ள சாதா கேன்வாஸ் ஷூ போதும், ஜிம்மில் விட்டால் வெறுங்கால் அதைவிட நல்லது.

அப்புறம் ஒரு டம்பெல்லை அணைத்துக்கொண்டு

நம் பக்கத்துக் கிராமங்களில் இளவட்டக்கல் பார்த்திருப்பீர்கள். வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் தூக்குகிறார்கள். கல்லைத் தூக்குகிறவரைக் கவனியுங்கள், குத்தவைத்து இரு கையாலும் கல்லைச் சேர்த்து அணைத்து, தொடையில் ஏற்றி, நெஞ்சோடு ஒட்டி வைத்து, காலால் எழுந்திருப்பார். கல் உடம்பை விட்டு ஒரு சாண் விலகினாலும் எழுந்திருக்க முடியாது.

காப்லெட் ஸ்குவாட் என்பது ஏறக்குறைய அதுதான். ஒரு டம்பெல்லைச் செங்குத்தாக, மேல் பிளேட்டை இரு உள்ளங்கையிலும் ஏந்தி, நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு இறங்கி ஏறுவது. பாரம் முன்னால் இருப்பதால் உடம்பு தானாக நிமிர்ந்து நிற்கும், கீழே போகும்போது முழங்கைகள் இரு முட்டுக்கும் உள்பக்கம் வந்து முட்டுகளை வெளியே தள்ளும். மாஸ்டர் பத்து நிமிஷம் வாயால் விளக்குவதை டம்பெல் உடம்புக்கே சொல்லிக்கொடுத்துவிடும். 8 கிலோவில் தொடங்கலாம், பத்துப் பத்தாக மூன்று செட், வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு வாரம். 16 கிலோவை அணைத்து நிதானமாகப் பத்து அடிக்க முடிந்தால் ராடுக்குப் போகலாம். இந்த இரண்டு வாரத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், நான் தாண்டினவன்.

ராடும் ஸ்டாண்டும்

ஒலிம்பிக் ராடு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. ஆனால் நம் ஊர் ஜிம்களில் மெல்லிசான சாதா ராடும் கிடக்கும், அது 7 கிலோவும் இருக்கும் 10 கிலோவும் இருக்கும். எடை பார்க்கும் மெஷின் இருந்தால் ராடைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள், உங்கள் எடையைக் கழியுங்கள், நோட்டில் எழுதுங்கள். இது தெரியாமல் ஒரு நாள் ஒரு ராடிலும் மறுநாள் வேறு ராடிலும் அடித்தால் கணக்கு எதுவும் நிற்காது.

ஸ்டாண்டில் ராடு உங்கள் நெஞ்சின் நடு உயரத்தில் இருக்கட்டும். எடுக்க எட்டி நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தால் உயரம் அதிகம், திரும்ப வைக்கும்போதுதான் அது ஆபத்தாகும், களைத்துப்போய் வருகிறீர்கள், கொக்கி எட்டாது.

ரேக்கில் இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பிகள் இருந்தால் அவற்றை, நீங்கள் கீழே இறங்கி இருக்கும்போது ராடு இருக்கும் உயரத்துக்கு இரண்டு விரல் கீழே மாட்டுங்கள். எழுந்திருக்க முடியாமல் போனால் அப்படியே உட்கார்ந்து ராடைக் கம்பிமேல் இறக்கிவிட்டு முன்னால் நகர்ந்து வெளியே வந்துவிடலாம். வெறும் ராடில் இதை வேண்டுமென்றே நாலு தடவை செய்து பழகுங்கள். பயம் போய்விடும், பயம் போனால்தான் முழுசாக இறங்குவீர்கள். கம்பி இல்லாத வெறும் ஸ்டாண்ட் என்றால் ஒருவர் பின்னால் நிற்க வேண்டும், அவர் ராடைப் பிடித்து இழுக்கக் கூடாது, உங்கள் கக்கத்துக்குக் கீழே கை கொடுத்து நெஞ்சோடு சேர்த்து உங்களைத் தூக்க வேண்டும். ஆள் இல்லையா, அன்றைக்கு வெயிட் கூட்ட வேண்டாம்.

ஸ்மித் மெஷினில் பழகிவிட்டு ராடுக்கு வரலாமா என்று கேட்பார்கள். அதில் ராடு தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி, நூலை மெஷினே பிடித்துக்கொள்கிறது. நீங்கள் பழக வேண்டியதே நூலைப் பிடிப்பதைத்தான்.

தோளில் ஏற்றுவது

தலையில் சுமை வைக்கிறவர்கள் முதலில் சும்மாடு சுற்றுவார்கள் அல்லவா, இங்கே சும்மாடு உங்கள் சொந்தச் சதைதான். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து இறுக்கினால் கழுத்துக்குக் கீழே முதுகின் மேல்பக்கம் ஒரு திண்டு எழும்பும். ராடு அதன்மேல் உட்கார வேண்டும். குனிந்தால் கழுத்தின் பின்னால் துருத்தும் அந்த எலும்பின்மேல் ராடு ஒருபோதும் படக் கூடாது. பட்டு வலிக்கிறது என்றுதான் பலர் ராடில் ஸ்பாஞ்சு சுற்றுகிறார்கள், ஸ்பாஞ்சு ராடை இன்னும் மேலே கழுத்துக்குத் தள்ளும், உருளவும் செய்யும். இரண்டு விரல் கீழே இறக்கி வையுங்கள், ஸ்பாஞ்சு தேவைப்படாது.

கைகள் தோளைவிடக் கொஞ்சம் வெளியே, இரண்டு பக்கமும் ஒரே தூரம், ராடில் இருக்கும் சொரசொரப்பான கோடுகளை வைத்து அளந்துகொள்ளுங்கள். மணிக்கட்டு பின்னால் மடங்காமல் இருக்கட்டும். ராடுக்கு நேர் கீழே பாதங்களைக் கொண்டுபோய் வைத்து, அரை ஸ்குவாட் போல முட்டை மடக்கி நின்று, காலால் எழுந்து ராடைக் கொக்கியிலிருந்து கிளப்புங்கள். பின்னால் ஒரு எட்டு, அடுத்த கால் ஒரு எட்டு, சரிசெய்ய ஒரு எட்டு, மூன்றோடு போதும். ஐந்தாறு எட்டு நடந்து போகிறவர்கள் போகும்போதே களைத்துவிடுவார்கள்.

சித்திரை, வைகாசியில் ஷீட் போட்ட மாடி ஜிம்மில் முதுகெல்லாம் நனைந்திருக்கும், கையில்லாத பனியனிலும் வழுக்குகிற பாலியஸ்டர் டீ-ஷர்ட்டிலும் ராடு சறுக்கும். பருத்தி டீ-ஷர்ட் போடுங்கள்.

மூச்சு

இதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை, எனக்குக் குறுக்கு பிடித்ததற்குப் பாதிக் காரணமும் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். இறங்கும் முன், மேலே நிற்கும்போதே, வயிறு முன்னும் பக்கவாட்டிலும் பின்னும் உப்பும்படி மூச்சை இழுங்கள், நெஞ்சை மட்டும் தூக்கினால் போதாது. இடுப்பில் கை வைத்துப் பார்த்தால் விரல்களை வெளியே தள்ள வேண்டும். பிறகு யாரோ வயிற்றில் குத்த வருகிறார்கள் என்றால் எப்படி இறுக்குவீர்களோ அப்படி இறுக்குங்கள். காற்று அடைத்த டயர் வண்டியைத் தாங்குவது போல, உள்ளே இருக்கும் அழுத்தம்தான் முதுகெலும்பைத் தாங்கும். அந்த மூச்சைப் பிடித்தபடியே இறங்கி, ஏறி, கஷ்டமான பாதியைத் தாண்டின பிறகு விடுங்கள். மேலே நின்று மறுபடி மூச்சு, மறுபடி இறுக்கம். ஒவ்வொரு தடவைக்கும் புதிதாக.

பிரஷர் இருக்கிறவர்கள், இதயக் கோளாறோ குடலிறக்கமோ இருக்கிறவர்கள் மூச்சைப் பிடித்து வெயிட் தூக்கும் முன் டாக்டரைக் கட்டாயம் கேளுங்கள், மூச்சைப் பிடிக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இடுப்புப் பெல்ட் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். வயிற்றை இறுக்கத் தெரிந்தவருக்குத்தான் பெல்ட் உதவும்.

இறங்குவது, ஏறுவது

கால்கள் தோள் அகலம். பாதம் கடிகாரத்தில் 11 மணி, 1 மணியைக் காட்டுகிற மாதிரி வெளியே திரும்பியிருக்கலாம், அதைவிடக் கொஞ்சம் நேராகவும் இருக்கலாம், இடுப்பு எலும்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிங்கால், மூன்றும் தரையை விட்டு எழும்பக் கூடாது, முக்காலி மாதிரி.

இடுப்பையும் முட்டையும் ஒரே நேரத்தில் மடக்குங்கள். முதலில் பின்பக்கத்தைத் தள்ளிவிட்டு அப்புறம் முட்டை மடக்குவதும், முட்டை மட்டும் முன்னே தள்ளிவிட்டு இறங்குவதும் இரண்டுமே நூலை இழுத்துப் போகும். இரண்டு கால்களுக்கும் நடுவே உட்காருகிறேன் என்று நினைத்து இறங்கினால் சரியாக வரும். முட்டு, பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே போகட்டும். இறங்க இரண்டு நொடி எடுத்துக்கொள்ளுங்கள், தொப்பென்று விழாதீர்கள்.

முட்டு விரலைத் தாண்டினால் முட்டு போய்விடும் என்று உங்களிடம் கண்டிப்பாக யாராவது சொல்வார்கள். குதிங்கால் தரையில் இருந்தால், நூல் நடுவில் இருந்தால், முட்டு விரலைத் தாண்டுவதில் தப்பே இல்லை, தொடை நீளமானவர்களுக்குத் தாண்டாமல் முழுசாக இறங்கவே முடியாது. வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினபோது ஸ்னாட்ச்சில், அதாவது தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்குவதில், 144 கிலோ தூக்கினார். ஸ்னாட்ச்சில் வீரர் எப்படி உட்காருகிறார் என்று வீடியோவில் நிறுத்திப் பாருங்கள், அவ்வளவும் தலைக்கு மேலே, உடம்பு முழுசாகக் குத்தவைத்த நிலையில், முட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

எவ்வளவு ஆழம்? தொடையும் இடுப்பும் சேருகிற மடிப்பு முட்டின் மேல்பகுதியைவிடக் கீழே போக வேண்டும், பவர்லிஃப்டிங் போட்டியில் அதற்கு மேலே நின்றால் அந்தத் தூக்கு செல்லாது. ஆனால் நீங்கள் போட்டிக்குப் போகவில்லை. கீழே போய்ச் சேரும்போது இடுப்பு உள்ளே சுருண்டு குறுக்கு நன்றாக வளைகிறது என்றால், அது வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கால்களை ஒரு விரல் அகலம் விரித்துப் பாருங்கள், கணுக்கால் பயிற்சியை விடாதீர்கள், மாதக் கணக்கில் ஆழம் கூடும்.

ஏறும்போது பின்பக்கமும் நெஞ்சும் ஒன்றாக எழும்ப வேண்டும். பின்பக்கம் முதலில் எழும்பி நெஞ்சு கீழேயே நின்றுவிட்டால் நீங்கள் குனிந்து மூட்டை தூக்குகிறீர்கள், அது குறுக்கில் விழும். "முதுகால் ராடை மேலே தள்ளு" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு வேலை செய்தது அதுதான். பார்வை, நாலைந்து அடி தள்ளித் தரையிலோ நேர் எதிரிலோ ஒரு புள்ளியில் இருக்கட்டும். விட்டத்தைப் பார்த்து ஏறக் கூடாது, கண்ணாடியில் நம்மையே தலை திருப்பிப் பார்ப்பதும் வேண்டாம், கழுத்து திரும்பினால் ராடும் திரும்பும்.

போனை எங்கே வைப்பது

பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், ராடின் நுனியும் பாதமும் இரண்டும் தெரிகிற தூரத்தில். ஜிம் பையிலோ தண்ணீர் பாட்டிலிலோ சாய்த்து வைத்தால் போதும், ஆள் வேண்டியதில்லை. கடைசி செட்டை எடுங்கள், களைத்திருக்கும்போதுதான் உண்மை தெரியும். ராடின் நுனியில் விரலை வைத்து ஓட்டுங்கள், நேர்கோட்டில் இறங்கி அதே கோட்டில் ஏற வேண்டும். கீழே இருந்து கிளம்பும்போது விரல் பக்கம் வளைந்துவிட்டு மேலே போனால் பின்பக்கம் முந்துகிறது என்று அர்த்தம், மூச்சு தளர்ந்திருக்கலாம், பெரும்பாலும் வெயிட் அதிகமாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவை முன்பக்கமிருந்தும் எடுங்கள். ஏறும்போது முட்டுகள் உள்ளே சேருகிறதா என்பது அங்கேதான் தெரியும், சேர்ந்தால் சுண்டுவிரல் பக்கம் முட்டைத் தள்ளி ஏறப் பழகுங்கள், அப்படியும் சேர்ந்தால் 10 கிலோ இறக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு தப்பை மட்டும் திருத்துங்கள். ஐந்தையும் நினைத்துக்கொண்டு இறங்கினால் ஒன்றும் நினைவில் நிற்காது.

எத்தனை, எவ்வளவு

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. முதல் வாரம் வெறும் ராடு, எட்டு எட்டாக மூன்று செட். பிறகு ஐந்து ஐந்தாக மூன்று செட், செட்டுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிஷம் உட்கார்ந்து ஓய்வு. வெயிட் ஏறின பிறகும் ஒவ்வொரு நாளும் வெறும் ராடோடு பத்து தடவை அடித்துத்தான் தொடங்க வேண்டும், அப்புறம் பாதி வெயிட்டில் ஐந்து, அப்புறம் அன்றைய வெயிட்.

வாரத்துக்கு 2.5 கிலோ கூட்டுங்கள், அதுவும் வீடியோவில் நூல் நேராக இருந்தால் மட்டும். குறைவாகத் தெரியும். 20 கிலோ ராடில் தொடங்கினால் பன்னிரண்டு வாரத்தில் 50 கிலோ, முழு ஆழத்தில், குதிங்கால் தரையில். நான் அடித்த 60 கிலோ அரை ஸ்குவாட்டைவிட அது எவ்வளவோ பெரிய காரியம். பெண்களுக்கும் முறை இதேதான், ராடு மட்டும் 15 கிலோ, அதுவும் கனமாக இருந்தால் டம்பெல்லிலேயே இன்னும் சில வாரம் இருங்கள்.

மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு படி இறங்க முடியவில்லை என்றால் அது சதை வலி, இரண்டு மூன்று நாளில் போகும். முட்டுக்குள்ளே குத்துகிற வலி, குறுக்கிலிருந்து காலுக்கு இறங்குகிற வலி, காலில் மரத்துப்போவது, இவை வேறு. அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள், எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாள் போய் அடிக்காதீர்கள்.

2.5 கிலோ கூட்ட வேண்டுமென்றால் பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் வேண்டும். பல ஜிம்களில் அது இருக்காது, 2.5-தான் சின்னது, அதை இரண்டு பக்கமும் போட்டால் ஒரேயடியாக ஐந்து கிலோ ஏறிவிடும். 1.25-இல் ஒரு ஜோடியை நீங்களே வாங்கி, பேரை எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.